மூன்றாம் சந்தில் யாரும் இல்லை

வேலை கேட்டு வருபவரிடம் ரெகினா வ்ரோனா படிப்பைக் கேட்க மாட்டார், அனுபவத்தையும் கேட்க மாட்டார். கிட்டே வரச்சொல்லி மோந்து பார்ப்பார். வந்தவர் கூச்சப்பட்டுப் பின்வாங்கினால், "என்னய்யா, முத்தமா குடுக்கப்போறேன்? கிட்ட வா" என்பார்.

அவர் தேடுவது சாராய வாடையை அல்ல. அதற்கு மூக்கே தேவையில்லை. அவர் தேடுவது புகை வாடையை. வூட்ஜ் நகரத்தின் ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தோட்டங்களின் மரக்குடில்களில் ஒதுங்கியிருக்கும் வீடில்லாதவர்கள் குளிர்காலம் முழுக்க ஈரக்கட்டை, பழைய கதவு, வார்னிஷ் அடித்த மேசைக்கால், கரித்தூள் என்று கிடைத்ததையெல்லாம் எரிப்பார்கள். அந்தப் புகை சட்டையில் ஏறி, தோலில் இறங்கி, தலைமுடியில் குடியேறிவிடும். அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாது. கிடங்கு மேஸ்திரிக்கு உடனே தெரிந்துவிடும். "இப்பத்தான் ஆள் எடுத்தோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அதனால் ரெகினா ஒரு வழி செய்திருந்தார். அவர் வேலை பார்க்கும் இலவச உணவுக்கூடத்தின் சாமான் அறையில், மாவு மூட்டைகளுக்கு மேலே ஒரு கொடி கட்டினார். வேலைச் சட்டைகளும் கால்சட்டைகளும் அங்கேதான் தொங்கும். விடிவதற்குள் வந்து, குழாயடியில் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். மாலையில் திரும்பி வந்து பழைய சட்டைக்குள் நுழைய வேண்டும். நல்ல சட்டை ஒருநாளும் குடிலைப் பார்க்கக்கூடாது.

"மாவு வாசனை வருதுக்கா" என்று யாராவது முனகினால், "வரட்டும். பேக்கரிக்காரன்னு நெனச்சுக்குவாங்க" என்பார்.

இதெல்லாம் அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், அந்த வாடையோடு அவரே திரிந்தவர் என்பதுதான். பருத்தி ஆலை உணவகத்தில் சமையல் உதவியாளராக இருந்தார். ஆலை மூடியபோது வேலையோடு ஆலை கொடுத்த வீடும் போயிற்று. புருஷன் அதற்கு முன்பே போயிருந்தார், வேறொருத்தியோடு. தோட்டத்தின் மூன்றாம் சந்தில், கடைசிக் குடிலில் இரண்டு குளிர்காலம் கழித்தார். உணவுக்கூடத்துக்குச் சாப்பிட வந்தவரை உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் அவர் சம்பளம் வாங்குவது கிழங்கு உரிப்பதற்குத்தான். வேலை தேடிக் கொடுப்பது யாரும் கொடுத்த பதவி இல்லை. ஒருநாள் முட்டைக்கோஸ் லாரி ஓட்டுநர் ஒருவர், மூட்டை இறக்க ஆளே கிடைப்பதில்லை என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ரெகினா கத்தியை நிறுத்தாமலே, "நாளைக்குக் காலையில ரெண்டு பேர் வருவாங்க. கத்தாதே, பால் திரிஞ்சிடும்" என்றார். இரண்டு பேர் போனார்கள். அப்படித்தான் தொடங்கியது.

பிறகு சந்தைக் கங்காணிகள், சலவைக்கூடக்காரர்கள், கட்டட மேஸ்திரிகள் எல்லோரும் அவருடைய கைபேசிக்கு அழைத்தார்கள். அனுப்பியவர்களில் பாதிப்பேர் முதல் சம்பளத்தோடு காணாமல் போவதும் உண்டு. யாராவது ஒருவர் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால், அன்றைக்குச் சூப்பில் பன்றி இறைச்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. ரெகினாவைக் கேட்டால், "கை தவறிடுச்சு" என்பார்.

ரெகினா கற்றுக்கொடுத்த இன்னொரு பாடமும் இருந்தது. அந்தத் தோட்டங்கள் ஊர்க் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. கோடையில் வந்து முள்ளங்கி போடுவார்கள், செர்ரி பறிப்பார்கள். குளிரில் மரக்குடில்கள் காலியாகக் கிடக்கும். அதில் ஆள் தங்கக்கூடாது என்பது தோட்டச் சங்கத்தின் விதி. சங்கத்திலிருந்து நல்ல உடுப்போடு யாராவது வந்து, குடும்பப் பெயரைச் சொல்லி, இன்னார் இங்கே இருக்கிறாரா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் மறுநாள் அந்தக் குடிலில் பூட்டுத் தொங்கும். அதனால் புதிதாக வந்தவர் எல்லோருக்கும் ரெகினா சொல்லிவைத்திருந்தார்: "யார் வந்து யார் பேரைக் கேட்டாலும் தெரியாது. இங்க யாரும் குடியிருக்கல. அவ்வளவுதான். மேல கதை கட்டாதீங்க."

இந்தப் பாடத்தை ஸெனோன் குல்பா மட்டும் சரியாகப் படிக்கவில்லை.

ஸெனோனுக்கு ஐம்பத்தாறு வயது. சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். முந்தைய குளிரில் இடது காலில் இரண்டு விரல்களை உறைபனிக்குக் கொடுத்திருந்தார். நெஞ்சுச் சளி கோடையிலும் விடவில்லை. இலவச மருத்துவமனையின் பெண் டாக்டர், "இன்னொரு குளிரை அந்தக் குடில்ல கழிச்சீங்கன்னா நுரையீரல் தாங்காது" என்று நேராகவே சொல்லிவிட்டார். வீடற்றவர்களுக்கான இரவுக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். அவருடைய கடைசி முகவரி வேறு ஊரில் பதிவாகியிருந்தது. அந்த ஊர்தான் அவருக்கு இடம் தர வேண்டும் என்பார்கள், அந்த ஊரோ பதிலே போடாது. கடுங்குளிர் இரவுகளில் மட்டும் நாற்காலியில் உட்கார அனுமதிப்பார்கள். ஆக, ஸெனோனுக்கு வேலை மட்டும் போதாது. கூரையோடு சேர்ந்து வரும் வேலை வேண்டும். அதுவும் பனி இறுகுவதற்குள்.

அக்டோபரில் அப்படி ஒன்று வந்தது. நகருக்கு மேற்கே கண்ணாடிக்கூடம் போட்டுத் தக்காளி வளர்க்கும் வாலென்டி என்பவர், அடிபட்ட தக்காளிகளை உணவுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போக வருவார். ரப்பர் பூட்ஸ், மண் படிந்த மேற்சட்டை, வெள்ளை மீசை. பாய்லர் பார்த்த கிழவர் மகள் வீட்டுக்குப் போகிறார், ஆள் வேண்டும், பாய்லர் அறைக்குப் பின்னால் கட்டிலோடு ஓர் அறை இருக்கிறது என்றார். ரெகினா கையைத் துடைத்துக்கொண்டு ஸெனோனை இழுத்து வந்தார்.

"பாய்லர் பாத்திருக்கீங்களா?"

"சாயப்பட்டறையில சார். அது மூடற வரைக்கும்."

"குடி?"

"இருந்துச்சு. ரெண்டு விரலோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு" என்று இடது பூட்ஸைத் தூக்கிக் காட்டினார் ஸெனோன்.

"ராத்திரி எழுந்து கரி போடணும். தூங்கிட்டீங்கன்னா என் செடியெல்லாம் செத்துப்போகும்."

"எங்க சார் தூங்கறது? இருமல் விட்டாத்தானே."

வாலென்டி சிரித்தார். ரெகினா நடுவில் புகுந்தார். "மத்தவங்களுக்கு நான் சட்டை மாத்தி அனுப்புவேன். இவருக்கு அந்தச் செலவும் இல்ல. இந்தப் புகை நாத்தம்தான் இவரோட சர்ட்டிபிகேட்."

"இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

ரெகினா முழங்கையால் இடித்தார். ஸெனோன் அதை வாங்கிக்கொண்டே, "ரயில் பாதைக்குப் பின்னாடி, தோட்டத்துல. மூணாவது சந்து" என்றார்.

"நானும் ஆரம்பத்துல பழைய லாரிப் பெட்டியிலதான் படுத்துக் கெடந்தேன்" என்றார் வாலென்டி. "கல்லறைத் திருநாள் முடியட்டும். கிழவர் அதுவரைக்கும் இருப்பார். முடிஞ்சதும் இந்த அம்மாவுக்குப் போன் பண்றேன்."

அவர் போனதும் ரெகினா திட்டினார். "வாய்க்குப் பூட்டே கெடையாதா உனக்கு?"

"பொய் சொல்லி உள்ள போனா ராத்திரி தூக்கம் வராதும்மா."

"இப்பத்தான இருமல்ல தூக்கமே வராதுன்னே?"

அந்த வாரம் முழுக்க ஸெனோன் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். அதே குடிலில் தங்கியிருந்த மியேதெக்கிடம், நல்ல கம்பளி உனக்கு, கோடரி உனக்கு, அடுப்பு உனக்கு என்றார். மியேதெக்குக்குக் குழந்தை மாதிரி முகம், முப்பத்தைந்து வயது, வாயைத் திறந்தால் கதை. "செத்தவன் கூட இவ்வளவு தாராளமா உயில் எழுத மாட்டான்" என்று ஸெனோனைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அந்த நாட்களில் ஊரே கல்லறையில்தான் இருக்கும், வேலையும் அங்கேதான் இருக்கும். தண்ணீர் சுமப்பது, சருகு வாருவது, எரிந்து தீர்ந்த விளக்குக் குவளைகளைப் பொறுக்குவது. ரெகினா ஒவ்வோர் ஆண்டும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். ஸெனோனும் போனார். கால் சுளுக்கிக் கிடந்த மியேதெக் மட்டும் குடிலிலேயே இருந்தான். காலை முதல் அழைப்புக்கு மேல் அழைப்பு வந்ததில் ரெகினாவின் கைபேசி மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாலையில் உணவுக்கூடத்தில் அவரைக்கொட்டை சூப்பின் ஆவி பறந்துகொண்டிருந்தது. மியேதெக் நொண்டிக்கொண்டு வந்து, உட்காராமல், மேசைக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"நாரை அண்ணே, எனக்கு ஒரு தட்டு அதிகமா வாங்கிக் குடு. இன்னிக்கு உன்னைக் காப்பாத்தியிருக்கேன்." ஸெனோனின் நெடிய கால்களுக்காக அவன் வைத்த பெயர் நாரை.

"யார்கிட்டயிருந்துடா?"

"சங்கத்து ஆளு. கறுப்புக் கோட்டு, தொப்பி, ஷூவுல முகம் பாக்கலாம். சந்துக்குள்ள வந்து ஒவ்வொரு குடிலாத் தட்டறான். 'ஸெனோன் குல்பாங்கறவர் இங்கதான இருக்கார்?'ங்கறான். குடும்பப் பேரோட! நம்ம ஜனமெல்லாம் தெரியாது தெரியாதுன்னுச்சு. ஆளு நகரல. 'இல்ல, அவரே சொன்னார்'ங்கறான். அப்பத்தான் நான் எறங்கினேன்."

எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஸெனோனும்தான்.

"'அந்தப் பயலா? அவன் ஜெர்மனிக்கு ஓடிட்டான் சார், அங்க ஒரு பொம்பளையக் கட்டிக்கிட்டு'ன்னேன். 'போன வாரம் பாத்தேனே'ங்கறான். விட்டேனா? 'வந்தான் சார், குடிச்சிட்டு வந்தான். எங்க அடுப்பைத் திருடிக்கிட்டு மறுபடி ஓடிட்டான்'னேன். அடுப்புன்னதும் மூஞ்சி விழுந்துச்சு பாரு! வெள்ளை மீசை அப்படியே தொங்கிப் போச்சு."

ரெகினாவின் கரண்டி நின்றது.

"என்ன மீசை?"

"வெள்ளை மீசைக்கா. ஏன்?"

ஸெனோனின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அது முகத்தில் தானாக இருந்தது.

வாலென்டியின் மனைவியின் கல்லறை நகரத்தில்தான் இருந்தது. விளக்கேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், எப்படியும் வண்டி இருக்கிறதே, ஆளைக் கையோடு அழைத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறார். ரெகினாவுக்கு மூன்று முறை அழைத்தும் கிடைக்காததால் நேரே சந்துக்கே வந்துவிட்டார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஒருவருடைய வேலை விஷயத்தைத் தெருவில் சொல்வது அவர் பழக்கம் இல்லை.

ரெகினா கைபேசியைச் சுவரில் செருகி, அது உயிர் பெறும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அழைத்தார்.

"நான் உங்களை நம்பினேம்மா" என்றது அந்தப் பக்கம். "கூட இருக்கறவங்களே திருடன்னு சொல்றப்ப நான் என்ன பண்ணட்டும்? ராத்திரி பனி கொட்டப்போகுதுன்னு சொல்றாங்க. வர்ற வழியிலயே எங்க ஊர்ப் பையன் ஒருத்தனை வெச்சுட்டேன். பொண்டாட்டியோட மூட்டை முடிச்சைக் கொண்டுவந்து எறக்கிட்டான்."

மறுநாள் காலை ரெகினாவும் ஸெனோனும் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்தார்கள். வாலென்டி கதவருகிலேயே நின்று முழுக்கதையையும் கேட்டார். நம்பினார். ஸெனோனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடிக்கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர் அறைக்குப் பின்னால் கொடியில் ஒரு பெண்ணின் ஈரத்துணிகள் தொங்கின.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்கா" என்றார் வாலென்டி. "எப்படிப் போகச் சொல்வேன்?"

"சொல்லாதீங்க சார்" என்றார் ஸெனோன்.

"மார்ச்ல நாத்து நடணும். அப்ப பின்னாடி இன்னொரு அறையைச் சரிபண்ணிடுவேன். அது உங்களுக்குத்தான். சத்தியமா."

பருவத்தின் கடைசித் தக்காளிகளை ஒரு பை நிறையப் போட்டுக் கொடுத்தார். திரும்பும் டிராமில் ஸெனோன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மார்ச்சுக்கு ரொம்ப தூரமில்ல" என்று ரெகினா சொன்னார். அதை ஸெனோனுக்காகச் சொன்னாரா தனக்காகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சந்து முனையில் மியேதெக் காத்திருந்தான். ஸெனோன் ஒரு தக்காளியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இந்தாடா, ஜெர்மனியில இருந்து கொண்டுவந்தேன்."

மியேதெக் தக்காளியையே பார்த்தான். பேச்சு வராமல் அவன் நின்றதை அந்தச் சந்து அதற்குமுன் பார்த்ததில்லை.

"தின்னுடா. என் பொண்டாட்டி குடுத்தனுப்பினா."

"தக்காளிக்காரன்னா ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பான்னு நெனச்சேண்ணே" என்றான் மியேதெக் கடைசியில். தக்காளியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

ரெகினாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாதிப் பாடம் அவருடையது. கதை கட்டாதே என்று சொன்ன மறுபாதியைத்தான் அவன் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவருடைய வேலையெல்லாம் ஸெனோனை மார்ச் வரை கொண்டு சேர்ப்பதுதான். சாமான் அறையில் இரவு படுக்க விடும்படி உணவுக்கூடத்து மேலாளரிடம் கேட்டார். மாவு இருக்கும் அறை, தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்றார் அவர். இரவுக் காப்பகத்தில் சண்டை போட்டுக் கடுங்குளிர் நாட்களுக்கு ஒரு நாற்காலி வாங்கினார். அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து தூங்கி எழுந்தபோது ஸெனோனின் பூட்ஸ் காணாமல் போயிருந்தது. அதன்பின் அவர் அங்கே போகவில்லை. உணவுக்கூடத்தில் பாட்டில்களைப் பிரித்து அடுக்கும் வேலையைப் பகலில் கொடுத்தார் ரெகினா. தேவையே இல்லாமல் அடுக்கியதையே திரும்ப அடுக்கச் சொன்ன நாட்களும் உண்டு. கணப்புக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைக்க வேறு வழி தெரியவில்லை.

மியேதெக்குக்கு மீன் சந்தையில் இரவு மூட்டை இறக்கும் வேலை பிடித்துக்கொடுத்தார். அவன் ஒழுங்காகப் போனான். மாவு வாசனையோடு போய் மீன் நாற்றத்தோடு வந்தான். கிடைப்பதில் பாதியைக் கரியாக வாங்கி ஸெனோனின் அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டினான்.

ஜனவரிக் கடைசியில், வாளித் தண்ணீர் குடிலுக்குள்ளேயே கல்லாக உறைந்த ஒரு நாள், மியேதெக் வேலை முடிந்து காலையில் வந்து கதவைத் தள்ளினான். கதவு திறக்கவில்லை. குளிர் நுழையாமல் இருக்க ஸெனோன் உள்ளிருந்து இடுக்குகளில் எல்லாம் கந்தலைத் திணித்திருந்தார். புகைக்குழாயில் ஒரு விரிசல். கரி எரியும்போது கசியும் விஷவாயுவுக்கு வாடை கிடையாது. கதவை உடைத்துப் பார்த்தபோது, ஸெனோன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இருமாமல் படுத்திருந்தார்.

ரெகினா வந்து சேர்ந்தபோது சந்தில் போலீஸ்காரர் ஒருவரும், தோட்டச் சங்கத்தின் செயலாளர் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். சந்து ஜனம் வேலியோரமாக ஒதுங்கி நின்றது.

"யார் இவர்?" என்று போலீஸ்காரர் கேட்டார். "இங்கதான் குடியிருந்தாரா?"

மியேதெக், தரையைப் பார்த்தபடியே, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "இங்க யாரும் குடியிருக்கல சார். எங்களுக்குத் தெரியாது. குளிருக்கு ஒதுங்கினவரா இருக்கும்."

செயலாளர் அம்மா தலையாட்டினார். அவருக்கும் அந்தப் பதில் வசதியாகத்தான் இருந்தது. பெயர் தெரியாத ஆள், எங்கிருந்தோ வந்தவர். சங்கத்துக்கும் தலைவலி இல்லை. அப்படியே விட்டால் சந்தில் இருப்பவர்களுக்குக் குளிர் முடியும்வரை கூரை இருக்கும். ஸெனோன் எண் போட்ட குழிக்குப் போவார். எல்லோரும் ரெகினாவைப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

"ஸெனோன் குல்பா" என்றார் ரெகினா. "பாய்லர் பார்த்தவர். ரெண்டு வருஷமா இங்கதான் குடியிருந்தார்."

"ரெண்டு வருஷமா?" செயலாளர் அம்மாவின் குரல் உயர்ந்தது. "தனியாவா? வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"வேற யாரும் இல்ல."

அவருடைய முதுகுக்குப் பின்னால் சந்து நெடுக ஒவ்வொரு குடிலிலும் புகை போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லாத காலை. புகை நேராக மேலே எழுந்து நின்றது. செயலாளர் அம்மா அதை அண்ணாந்து பார்த்தார், ரெகினாவைப் பார்த்தார்.

பிப்ரவரியில் பூட்டுகள் வந்தன. ஒரே நாளில் சந்து முழுக்க. ரெகினாவை நேரில் கண்டு திட்டியவர்கள் உண்டு. சூப்பை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. ஒருத்தர் சாமான் அறையில் தொங்கிய தன் வேலைச் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பிறகு வரவில்லை. ஸெனோன் பெயர் எழுதிய தகரப் பலகையோடு நகராட்சிப் பகுதியில் புதைக்கப்பட்டார். ரெகினா யாரிடமும் நியாயம் பேசவில்லை. கிழங்கு உரித்தார், வந்தவர்களை மோந்து பார்த்தார். இப்போது அவர்கள் மேல் புகை வாடை இல்லை. ரயில் நிலையத்து வாடைதான்.

மார்ச்சில், பனி உருகத் தொடங்கியதும், வாலென்டிக்கு அழைத்தார்.

"நாத்து நட ஆள் வேணும்னீங்களே சார். ஒருத்தன் இருக்கான். மியெச்சிஸ்வாவ் சிகோரா, மியேதெக்னு கூப்பிடுவோம். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். இப்ப அதுவும் குறைஞ்சு போச்சு. நீங்க அவனைப் பாத்திருக்கீங்க. ஜெர்மனிக் கதை சொன்னானே, அவன்தான்."

வாலென்டி வைத்துவிட்டாரோ என்று ரெகினா கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அந்த அறை ஸெனோனுக்குன்னு..." என்றார் வாலென்டி. பிறகு, "அவன் இப்ப எங்க இருக்கான்?"

"எங்கயும் இல்ல சார். தேடிக்கிட்டுப் போகாதீங்க. நானே கூட்டிட்டு வர்றேன்."